காணிக்கையை நிறுத்துங்கள், திருவிருந்தை நிறுத்தாதீர்கள்

கேள்வி:

பாஸ்டர் அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 71. 1980களில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆறு வருடம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுகிறவனாக, இருந்தேன். பால் நிறுக்கும் கொட்டகையில், பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக்கைப் பார்ப்பது என் வேலை. உள்ளதைவிட இரண்டு புள்ளி குறைத்துப் புத்தகத்தில் எழுதுவேன். அப்படி மிஞ்சுகிற ரப்பரை, தோட்டத்திலேயே இல்லாத இரண்டு ஆட்களின் பெயரில் செக்ரோலில் (சம்பளப் புத்தகத்தில்) ஏற்றி, அந்தச் சம்பளத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது காசுதான் போயிருக்கும். 1994-இல் இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்தேன். தேவன் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன்.

போன வருடம் அந்தத் தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு வயதான அம்மா எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தார். என்னைப் பார்த்தால் இன்னமும் "கிராணி ஐயா" என்று எழுந்து நிற்கிறார். கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. சபையின் கூரை நிதிக்குப் பெயர் போடாமல் 3,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்தேன். பாரம் குறையவில்லை. மூன்று மாதமாகத் திருவிருந்து ஞாயிறன்று உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். கர்த்தர் மன்னித்த பாவத்தை மறுபடியும் தோண்ட வேண்டுமா? வெளியே தெரிந்தால் என் பிள்ளைகளுக்குத் தலைகுனிவு. காணிக்கையாகவே கொடுத்துத் தீர்க்க முடியாதா?

(அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்து வைத்துக்கொண்டு ஆலோசனை எழுதினால் நான் உங்களுக்கு உண்மையாக இருக்க மாட்டேன். என் அம்மா பால்வெட்டுக்காரர். சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில் ஒரு லயத்து வீட்டில்தான், தோட்டத்து வரிசை வீட்டில்தான், நான் வளர்ந்தேன். 2007-இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. அம்மா நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கிற இடத்துக்குப் போய், இருட்டிலேயே மரத்தில் கத்தி வைப்பார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். வாளி தூக்கிக்கொண்டு கொட்டகையில் வரிசையில் நிற்கும்போது அம்மா மெட்ரோலாக்கைப் பார்க்கமாட்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. கிராணியின் முகத்தைத்தான் பார்ப்பார். அவர் எழுதுவதே கணக்கு.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மூடி வைத்தேன். மூன்றாம் நாள் எடுத்துப் படித்தபோது கோபத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. இத்தனை வருடத்தில் எங்கள் அம்மாவிடம் வந்து இப்படி ஒரு வார்த்தை சொன்னவர் யாருமில்லை. நீங்கள் சொல்லலாமா என்று கேட்கவாவது செய்கிறீர்கள். ஆகையால் நானும் முழு மனதோடு பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். "முப்பது நாற்பது காசுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் "தான்" என்பதை எடுத்துவிடுங்கள் ஐயா.

விவரம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மரத்துப் பாலில் பெரும்பங்கு தண்ணீர். காய்ந்த ரப்பர் நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது வரை இருக்கும். அதை அளக்கிற மிதவைதான் மெட்ரோலாக். ஒருவர் 20 கிலோ பால் கொண்டுவந்து, மெட்ரோலாக் 35 காட்டினால் 7 கிலோ ரப்பர். 33 என்று எழுதினால் 6 கிலோ 600 கிராம். நின்ற இடத்திலேயே, பேனா முனையில், 400 கிராம் காணாமல் போகிறது. மாதத்தில் மழை நாள் போக 22 நாள் வெட்டு என்று வையுங்கள். நாளுக்கு 40 காசு என்றால் மாதம் 8 வெள்ளி 80 காசு. வருடத்துக்கு 105 வெள்ளி 60 காசு. ஆறு வருடத்துக்கு 633 வெள்ளி 60 காசு. இது ஓர் ஆளுக்கு. சம்பளம் குறைந்தால் ஊழியர் சேமநிதிக்குப் போகிற பங்கும், முதலாளி போடுகிற பங்கும், அதற்கு வருடா வருடம் சேர்கிற லாப ஈவும் சேர்ந்தே குறையும். அந்தக் கணக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அன்றைய 8 வெள்ளி இன்றைய 8 வெள்ளியும் இல்லை. எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் அந்த 8 வெள்ளி என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தைத்துத் தைத்துப் போட்ட என் பள்ளிக்கூடச் சப்பாத்தை நினைத்துக்கொள்கிறேன்.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. பாவத்தை அதன் சரியான எடையில் சொன்னால்தான் கிருபையும் அதன் சரியான எடையில் வந்து சேரும். நாம் குறைத்து எழுதினால் அதையும் குறைத்தே வாங்கிக்கொள்கிறோம். முப்பது வருடமாக உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கர்த்தர் மன்னித்தாரா? மன்னித்தார். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை, உங்களுக்கும் வேண்டாம். 1 யோவான் 1:9 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று தொடங்கும் வசனம். அது எப்படி முடிகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மன்னிப்பதற்கு அவர் இரக்கமுள்ளவராயிருக்கிறார் என்று யோவான் எழுதவில்லை. "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று எழுதுகிறார். நீதியுள்ளவர் மன்னிக்கிறார். அப்படியானால் அந்த அம்மாவின் 40 காசை மறந்துவிட்டு உங்களை மன்னிக்கவில்லை. அதை முழுக்கத் தெரிந்துகொண்டே, சிலுவையில் அதைச் சுமந்துகொண்டே மன்னித்தார். யாக்கோபு 5:4-ஐயும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார், அறுத்தவர்களுடைய கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்கிறார். 1994-இல் உங்கள் அறிக்கை விழுந்த அதே செவியில், அதற்கு முன்பே அந்தக் கூலியின் சத்தம் விழுந்திருந்தது. ஒன்றைக் கேட்டதால் மற்றதைக் கேட்காமல் விடுகிறவர் அல்ல அவர்.

அதனால்தான் இந்தப் பாரம். மன்னிப்புக் கிடைக்கவில்லை என்பதற்கு அடையாளமாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்கள் பக்கத்திலும் உண்மையுள்ளவராக இருக்கிறார், அந்த அம்மாவின் பக்கத்திலும் உண்மையுள்ளவராக இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகவே நான் இதை வாசிக்கிறேன்.

சகேயுவின் கதையில் எது முதலில், எது பிறகு என்று பாருங்கள். வரி வசூலிக்கிற அவரும் கணக்கெழுதிப் பிழைத்தவர்தான். இயேசு மரத்தடியில் நின்று, திருப்பிக் கொடுத்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறார். யாரும் கேட்கவில்லை, தானாகச் சொல்கிறார். தானே முன்வந்து குற்றத்தை ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம். லேவியராகமம் 6-இலும் எண்ணாகமம் 5-இலும் இருக்கிறது. நாலத்தனை என்பது ஆட்டைத் திருடிய திருடனுக்கு உள்ள தண்டனை. மன்னிப்பைப் பெற்ற மனிதன் சட்டம் கேட்டதற்கு மேலே போய் நிற்கிறான். திருப்பிக் கொடுத்து அவன் மன்னிப்பை வாங்கவில்லை. மன்னிப்பு வீட்டுக்குள் வந்துவிட்டதால், பிறர் பணத்தை அதே வீட்டில் வைத்திருக்க முடியவில்லை.

இப்போது அந்த 3,000 வெள்ளி. இதைச் சொல்வது எனக்கும் கஷ்டம், ஏனென்றால் எங்கள் சபையிலும் கூரை ஒழுகுகிறது. அந்தப் பணம் சபைக்குச் சேர வேண்டியது அல்ல ஐயா. லேவியராகமத்தில் குற்றநிவாரண பலிக்கு ஆட்டுக்கடாவைக் கொண்டுவருகிறவன், எடுத்ததை அந்த நாளிலேயே உடையவனுக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க இனத்தான் ஒருவனும் இல்லாமற்போனால்தான் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். நீங்கள் கடைசிப் படியில் செய்ய வேண்டியதை முதல் படியில் செய்துவிட்டீர்கள். உடையவர் உங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய காசு அவருடைய தலைக்கு மேலே தகரமாக இருக்கிறது. அவருக்கு அது தெரியாது.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்னதும் இதைத்தான். பலிபீடத்துக்கு வந்தபின் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முன்பு ஒப்புரவாகு. இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாக்காரர்கள். பலிபீடம் எருசலேமில். நடுவே 100 கிலோமீட்டருக்கு மேல், நாள் கணக்கில் நடை. அத்தனை தூரம் திரும்பிப் போய்விட்டு வா என்கிறார். உங்களுக்கு இரண்டு பெஞ்சு தூரம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே வைத்துவிட்டுப் போகச் சொன்னது காணிக்கையை. நீங்களோ காணிக்கையைக் கொடுத்துவிட்டுத் திருவிருந்தை விட்டுவிட்டீர்கள், தலைகீழாக. காணிக்கை நாம் அவருக்குக் கொடுப்பது. திருவிருந்து அவர் நமக்குக் கொடுப்பது. தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றுதான் பவுல் எழுதுகிறார், சோதித்தறிந்து வீட்டில் இருக்கக்கடவன் என்று எழுதவில்லை. அன்றிரவே இயேசுவை மறுதலிக்கப் போகிற பேதுருவும் அவருடைய கடைசிப் பந்தியில் இருந்தார். அடுத்த முதல் ஞாயிறு போங்கள். கையை நீட்டி வாங்குங்கள். அந்த அம்மாவின் வீட்டுப் படியேறப் பலம் வேறெங்கிருந்து வரும்? மனதில் போகத் தீர்மானித்துவிட்டு வாங்குங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. போகவே மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டு வாங்கினால், அப்போது என் பதில் வேறு.

கர்த்தரிடம் சொன்னால் போதும், மனிதரிடம் எதற்கு என்று உங்களிடம் சொல்ல ஆட்கள் இருப்பார்கள். நல்ல விசுவாசிகளே சொல்வார்கள். அவர்களிடம் ஜான் நியூட்டனைப் பற்றிக் கேளுங்கள். கிருபையைப் பற்றி உலகமெல்லாம் பாடுகிற பாட்டை எழுதியவர். அடிமை வியாபாரக் கப்பலில் இருந்தவர். 1748-இல் புயலில் மாட்டிக்கொண்டபோது ஆண்டவரைக் கூப்பிட்டார். ஆனால் 1754 வரை அதே வியாபாரத்தில்தான் இருந்தார், மனந்திரும்பிய பிறகும்! 1764-இல் போதகரானார். தான் செய்ததையும் கண்டதையும் வெளிப்படையாக எழுதிப் பிரசுரித்தது 1788-இல்தான். கப்பலை விட்டு முப்பத்துநாலு வருடம் கழித்து. இந்த அறிக்கை அந்தத் துன்பத்தைத் தடுக்கவோ சரிசெய்யவோ முடியாதபடி மிகவும் தாமதமாக வருகிறது என்று அவரே அதில் ஒப்புக்கொள்கிறார். தாமதம்தான். ஆனாலும் எழுதினார், நாடாளுமன்ற விசாரணையிலும் போய்ச் சாட்சி சொன்னார். 1807-இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அந்த வருடக் கடைசியில் அவர் இறந்தார். கிருபை அவர் வாயை அடைக்கவில்லை, முப்பத்துநாலு வருடம் கழித்தென்றாலும் திறந்துவிட்டது.

எப்படிப் போவது என்று சொல்கிறேன். இதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள்.

சபையில் எழுந்து சாட்சியாகச் சொல்லாதீர்கள். அங்கே சொன்னால் எல்லோரும் உங்கள் தைரியத்தைப் புகழ்வார்கள், அந்த அம்மா நடுவில் உட்கார்ந்து தலையாட்டியே ஆக வேண்டும். அவருக்கு வேறு வழி இருக்காது. வீட்டுக்குப் போங்கள். "கிராணி ஐயா" என்று எழுந்து நிற்பார். உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். "அம்மா, நான் கிராணியாக இருந்தபோது உங்கள் பாலுக்கு மெட்ரோலாக்கைக் குறைத்து எழுதி, அந்தக் காசை நான் எடுத்துக்கொண்டேன். ஆறு வருடம் செய்தேன். இது உங்கள் காசு." இவ்வளவு போதும். பிசாசு ஏமாற்றினான் என்று சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் எல்லாக் கிராணிகளும் செய்தார்கள் என்று சொல்லாதீர்கள். செய்யாதவர்களும் இருந்தார்கள். மன்னித்துவிடுங்கள் என்று உடனே கேட்டுவிடவும் வேண்டாம். பணத்தை நீட்டிக்கொண்டே மன்னிப்புக் கேட்டால், பணத்தை வாங்கும்போதே மன்னிப்பையும் கொடுத்துவிட வேண்டும் என்று ஆகிவிடும். அவர் அழலாம், ஏசலாம், அன்றைக்கே தெரியும் ஐயா என்று சொல்லலாம். வரிசையில் நின்றவர்களுக்குப் பல விஷயம் தெரியும். ஒன்றும் பேசாமல் தேத்தண்ணீர் கலக்கப் போகலாம். என் அம்மாவாக இருந்தால் ஏசிக்கொண்டே தேத்தண்ணீர் கலக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். எது நடந்தாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதற்குப் பிறகு முறுக்கு வராமல் போனாலும் அது அவர் உரிமை.

தொகையைப் பொறுத்தவரை, 633 வெள்ளி 60 காசோடு ஐந்தில் ஒரு பங்கு, 126 வெள்ளி 72 காசு, சேர்த்தால் 760 வெள்ளி 32 காசு. சேமநிதியையும் விலைவாசியையும் நினைத்தால் அதைவிடக் கூட்டித்தான் வைக்க வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் மனச்சாட்சிக்கு விடுகிறேன். குறைத்து எழுதிய கை இந்தத் தடவை கூட்டி எழுதட்டும்.

உங்கள் பிரிவில் எத்தனை பேர் வெட்டினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முப்பது பேர் என்றால் 22,000 வெள்ளியைத் தாண்டும். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் ஒருவரால் அது முடியாமல் போகலாம். முடியாது என்பதற்காகப் பெயர்களை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். ஒரு நோட்டு வாங்கி, நினைவிருக்கிற எல்லாப் பெயரையும் எழுதுங்கள். அந்தத் தோட்டம் செம்பனையாக மாறியிருக்கும், அல்லது தாமானாக (குடியிருப்புப் பகுதியாக) மாறியிருக்கும். லயம் உடைத்து ஆட்கள் எங்கெங்கோ மலிவுவிலை அடுக்குவீடுகளுக்குப் போயிருப்பார்கள். ஆனால் தோட்டத்து ஜனங்கள் ஒருவரையொருவர் விடுவதில்லை. இழவு வீட்டில் பாதிப் பேர் கிடைப்பார்கள். பழைய தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மீதிப் பேர். இறந்துபோனவர்களுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள், அது அவர்களைச் சேரும். மாதம் ஒருவர் என்று வைத்தால்கூட நோட்டில் ஒரு பெயரையாவது அடித்துவிடலாம். யாருமே கிடைக்காதவர்களின் பங்கை அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள் என்று நான் சொல்வேன். வேதத்தின்படி ஆசாரியனுக்கு என்று இருந்தாலும், எங்கள் கைக்கு வேண்டாம்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்களாக இருப்பார்கள். பணத்தோடு கைப்பிரதி கொண்டுபோகாதீர்கள். இயேசு என்னை மாற்றினார் என்று பிரசங்கம் செய்யவும் வேண்டாம். ஏன் இத்தனை வருடம் கழித்து வந்தீர்கள் என்று அவர்களாகக் கேட்டால், கேட்ட அளவுக்குப் பதில் சொல்லுங்கள். அவர்களுடைய கூலியை அவர்களுக்கே கொடுக்கும்போது அதற்கு ஈடாக அவர்கள் காதைக் கேட்கக் கூடாது.

பிள்ளைகளின் தலைகுனிவு பற்றி எழுதினீர்கள். போவதற்கு முன் அவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வெளியே கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அது மேல். அவர்கள் படித்த படிப்பில் அந்தக் காசும் கொஞ்சம் இருக்கிறது என்பதால், அவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயமும்கூட. முதலில் கோபப்படுவார்கள். அப்பாவைக் கொஞ்ச நாள் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். தாங்கிக்கொள்ளுங்கள்.

எரேமியாவின் புலம்பலில் கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று வருமே, அதை அம்மா பெரட்டுக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொண்டே முக்காட்டுத் துணியைக் கட்டுவார். உமது உண்மை பெரிதாயிருக்கிறது என்று முடிக்கும்போது வாசலைத் தாண்டியிருப்பார். அந்த உண்மையுள்ளவர் எங்களைப் பட்டினி போடவில்லை. அதற்காக, குறைந்த காசை அவர் நிரப்பிவிட்டார், ஆகையால் நான் கொடுக்க வேண்டியதில்லை என்று நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. அவர் நிரப்பியது அவருடைய கையிலிருந்து. உங்கள் கையில் இருப்பது அப்படியே இருக்கிறது.

தனியாகப் போகப் பயமாக இருந்தால் உங்கள் போதகரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்ல முடியவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள், நான் வருகிறேன். பால் வெட்டியவர்கள் இத்தனை வயதிலும் விடியுமுன் எழுந்துவிடுவார்கள், மத்தியானம் படுத்துவிடுவார்கள். காலையில் பசியாறி முடித்த நேரம், ஒன்பது மணிக்கு மேல் போங்கள். பணத்தை உறையில் வைத்து, மேலே வசனம் எதுவும் எழுத வேண்டாம். அவர் பெயரை மட்டும் எழுதுங்கள். செக்ரோலில் அந்தக் காலத்தில் அவசரத்துக்குச் சுருக்கி எழுதியிருப்பீர்கள். இந்தத் தடவை முழுப் பெயரையும் எழுதுங்கள்.